கால் ஊன்றாத ஆட்டம்

'உலகத் தரம்' என்ற சொல் நம் வட்டத்தில் புழங்குகிற விதம் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லவேண்டும் என்று வெகுநாட்களாக எண்ணம். ஒரு கவிதைத் தொகுதி வருகிறது. முந்நூறு பிரதிகள் அச்சாகின்றன. அவற்றில் நூறு, எழுதுகிறவர்களுக்கே அன்பளிப்பாகப் போய்ச் சேர்கின்றன. அடுத்த இதழில் ஒருவர் அது உலகத் தரமானது என்று எழுதுகிறார். அதற்கடுத்த இதழில் இன்னொருவர், அது எவருடைய உலகம், நம் மண்ணுக்கு நம் அளவுகோல் போதாதா என்று கேட்கிறார். இருவருமே தொகுதியிலிருந்து ஒரு வரியை எடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. சச்சரவு முழுக்க அளவுகோலைப் பற்றியது. அளக்கவேண்டிய பொருள் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது.

இதை இலக்கியத்துக்குள்ளேயே இருந்துகொண்டு தீர்த்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே எல்லோருக்கும் நண்பர்கள் உண்டு. நமக்குச் சொந்த நலன் எதுவும் இல்லாத வேறொரு துறைக்குப் போய், இதே கேள்வி அங்கே எப்படி நிற்கிறது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். நான் எடுத்துக்கொள்வது வாட்டர் போலோ. நம்மில் யாருக்கும் இதுபற்றி எந்த அபிப்ராயமும் இல்லை என்பதே இதன் முதல் தகுதி.

1951 மார்ச்சில் புது டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 11 நாடுகள் கலந்துகொண்டன. ஆண்கள் வாட்டர் போலோவில் இந்தியாவுக்குத் தங்கம், சிங்கப்பூர் இரண்டாவது. அந்த இந்திய அணியில் இருந்தவர்களில் ஒருவர் சச்சின் நாக். காசியில் பிறந்து கங்கையில் நீந்திப் பழகிய வங்காளி. அதே போட்டிகளில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலிலும் தங்கம் வாங்கினார். 1947இல் கல்கத்தாக் கலவரத்தில் காலில் குண்டு பாய்ந்து, அந்தக் காயத்திலிருந்து மீண்டு 1948இல் லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 1987இல் இறந்துபோனார். நாட்டின் தியான் சந்த் விருது 2020இல் அவர் பெயருக்கு வந்தது. அதாவது 33 வருஷம் கழித்து.

இந்தத் தங்கத்துக்கு என்ன மதிப்பு? கணக்கை இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கலாம். 1948இல் லண்டனில் இந்தியா சிலியை 7-4 என்று ஜெயித்தது. அது வரவுப் பத்தி. 1952இல் ஹெல்சிங்கியில் பெருத்த கோல் வித்தியாசங்களில் தோற்றுத் தொடக்கத்திலேயே வெளியேறியது. அந்த ஒலிம்பிக்ஸில் தங்கம் ஹங்கேரிக்கு. அதற்குப் பிறகு இன்றுவரை இந்திய வாட்டர் போலோ அணி ஒலிம்பிக்ஸுக்குப் போனதில்லை. 1951இல் டில்லியில் ஆடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அணிகள். முப்பதுகளில் ஒலிம்பிக் நீச்சலை ஆட்டிவைத்த ஜப்பானின் பெயர் அந்த வருஷத்து நீச்சல் பதக்கப் பட்டியலிலேயே கிடையாது. பின்னாளில் 1970இல் பாங்காக்கில் வெள்ளி, 1982இல் மறுபடி டில்லியில், சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அடுத்தபடியாக, வெண்கலம். அவ்வளவுதான். அதன்பின் ஆசியப் பதக்கமும் இல்லை.

நம் முதல் விமர்சகர் இங்கே வந்தால், 'ஆசியச் சாம்பியன்' என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டாமவர், ஹெல்சிங்கியை யார் கேட்டது, ஆசியாவுக்கு ஆசியாவே உலகம் என்பார். மூன்றாவது ஒருவரும் உண்டு. அவர் புத்திசாலி. நாலைந்து பேர் மட்டும் ஓடிய பந்தயத்தில் முதலாவதாக வருவதில் என்ன இருக்கிறது என்று சிரிப்பார். இந்தச் சிரிப்பு எனக்கு மற்ற இரண்டையும்விடப் பழக்கமானது. நம் பத்திரிகைகளில் பாதி இந்தச் சிரிப்பிலேயே ஓடுகிறது. மூவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே ஆட்டத்தைப் பார்ப்போம். பக்கத்துக்கு ஏழு பேர், கோல்கீப்பரைச் சேர்த்து. மூன்று மீட்டர் அகலமுள்ள கோல். அதன் குறுக்குக்கட்டை தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டரில். எட்டு நிமிஷமாக நான்கு பகுதிகள். கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரண்டு கையாலும் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி: ஆட்டக்காரன் தரையில் கால் ஊன்றக்கூடாது. ஆட்டம் முழுக்க, பந்து தன்னிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவன் நீரில் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதற்கென்று ஒரு கால்வீச்சு இருக்கிறது. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே மாறிமாறி எதிரெதிராகச் சுழலும். முட்டை அடிக்கிற கருவியின் பெயரை இங்கிலீஷ்காரர்கள் அதற்கு வைத்திருக்கிறார்கள். பந்தை எறிகிற கணத்தில் இடுப்புவரை வெளியே எழும்புகிறானே, அந்த எழுச்சி முழுவதும் இந்தச் சுழற்சியிலிருந்து வருவது. மேலே தெரிவது ஒரு கையும் காதுக்கவசம் வைத்த ஒரு குல்லாயும்தான்.

ஆட்டத்தின் பெயருக்குள்ளும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'போலோ' என்பது காஷ்மீருக்கு அப்பால் பால்டிஸ்தானத்து மொழியில் பந்தைக் குறிக்கிற 'புலு' என்ற சொல். குதிரைமேல் ஆடுகிற போலோ வழியாக அது இங்கிலாந்து போய், 1870களில் அங்கே ஆறுகளிலும் குளங்களிலும் ஆடிய ஒரு முரட்டு ஆட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டு, திரும்பி நம்மிடம் வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் வில்ஸன் அதற்கு விதிகள் எழுதினார். 1900இல் ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது. எது நம்முடையது எது உலகத்தினுடையது என்று கோடு போட விரும்புகிறவர்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு முயன்று பார்க்கலாம்.

உலகம் இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு நாளைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 1956 டிசம்பர் 6, மெல்போர்ன். ஹங்கேரியும் சோவியத் யூனியனும். புடாபெஸ்டில் அக்டோபர் 23 அன்று கிளர்ச்சி தொடங்கி, நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் நுழைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹங்கேரி 4-0 என்று முன்னால் இருந்தபோது, கடைசி நிமிஷங்களில், வாலன்டின் ப்ரோகோபோவ் என்ற சோவியத் ஆட்டக்காரர் எர்வின் ஸாதோர் என்ற இளைஞரின் முகத்தில் அடித்தார். கண்ணுக்கருகே கிழிந்து ரத்தம் வழிய ஸாதோர் குளத்திலிருந்து ஏறிவருகிற புகைப்படம் உலகமெங்கும் போயிற்று. கூட்டம் கொந்தளித்தது. ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டு ஹங்கேரி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

இதை ஒரு படிமமாக ஆக்கிவிட நமக்குக் கை அரிக்கிறது. தண்ணீர், ரத்தம், சாம்ராஜ்யம், சின்ன தேசம். எழுதவேண்டிய அவசியம்கூட இல்லை, தானே எழுதிக்கொள்ளும். எனக்கு அந்தப் புகைப்படத்தின்மேல் மரியாதை உண்டு. ஆனால் அது மறைத்துவிட்ட இரண்டு சங்கதிகள்மேல் அக்கறை அதிகம். ஒன்று, அடி விழுவதற்கு முன்பே அந்த நாலு கோல்களும் போடப்பட்டுவிட்டன. அவற்றில் இரண்டு ஸாதோர் போட்டவை. சோவியத் அணி ஒரு கோலும் போடவில்லை. அடக்குமுறைக்கு ஆளான தேசம் என்பதற்காக யாரும் அவர்களுக்குக் கோல் கொடுக்கவில்லை. இரண்டு, அது இறுதி ஆட்டம் அல்ல. அதற்குப் பிறகு யூகோஸ்லாவியாவை ஹங்கேரி 2-1 என்று ஜெயித்துத்தான் தங்கம் வாங்கியது. காயத்தால் ஸாதோர் அதில் ஆடவில்லை. நட்சத்திர ஆட்டக்காரன் இல்லாமல், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில், புகைப்படம் எதுவும் மனசில் நிற்காத ஒரு ஆட்டத்தில் அவர்கள் சாம்பியன் ஆனார்கள். விமர்சகனுக்கு வேலை இந்த இரண்டாவது ஆட்டத்தில் இருக்கிறது.

ஆண்கள் வாட்டர் போலோவில் ஹங்கேரி இதுவரை 9 ஒலிம்பிக் தங்கங்கள் வாங்கியிருக்கிறது. 1973இல் பெல்கிரேடில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பும் அவர்களுக்கே. கடல் இல்லாத தேசம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். புடாபெஸ்டில் டான்யூப் நதியின் நடுவே மார்கரெட் தீவில் ஒரு நீச்சல் குளம் 1930இல் கட்டப்பட்டது. அதை வரைந்த கட்டிடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ். 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்ஸில் இரண்டு நீச்சல் பந்தயங்களில் வென்றவர் அவரேதான். அந்தப் பந்தயங்கள் நடந்தது குளத்தில் அல்ல. கிரீஸின் பிரேயஸ் அருகே திறந்த கடலில், குளிர்ந்த நீரில். உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். கடலில் உயிர்பிழைத்து நீந்திய ஒருவர் முப்பத்துநாலு வருஷம் கழித்துத் தன் ஊர்ப் பையன்களுக்குச் சுவரும் கூரையும் உள்ள குளம் கட்டிக்கொடுத்தார். 2017இல் உலகச் சாம்பியன்ஷிப்பின் வாட்டர் போலோ ஆட்டங்கள் அவர் பெயர் தாங்கிய அந்த இடத்தில்தான் நடந்தன. இறுதி ஆட்டத்தில் ஹங்கேரி தன் சொந்தக் குளத்தில் குரோஷியாவிடம் தோற்றது. குளம் தன்னைக் கட்டியவர்களுக்காக ஒரு கோலும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் இருப்பது திருவொற்றியூரில். ராயபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா வேலை. இங்கே கடல் இருக்கிறது, கரை இல்லை. வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கடற்கரை ஓரமாகத் தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. மெரினா என்று நாம் கொண்டாடுகிற அகலம் அப்படிச் சேர்ந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் ஊருக்குள் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்று சாலையோரம் கிடப்பவை கருங்கற்கள். மெரினா நீச்சல் குளமும், 1995 தெற்காசியப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் கட்டிய பெரிய நீச்சல் வளாகமும் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கின்றன. மணல் போன திசையிலேயே குளங்களும் போயிருக்கின்றன என்று எழுதினால் அது ஒரு நல்ல வாக்கியமாகிவிடும். ஆனால் மணல் போனதற்குக் காரணம் நீரோட்டம். குளங்கள் போனதற்குக் காரணம் மனிதர்கள் எடுத்த தீர்மானங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும்.

காசிமேட்டில் பையன்கள் கல்லிலிருந்து குதித்து நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்து நீந்துவதில்லை. தலை மேலேயே இருக்கும். வருகிற அலையைப் பார்க்கவேண்டும், படகைப் பார்க்கவேண்டும், கல்லைப் பார்க்கவேண்டும். குளத்தில் பயிற்சி தருகிறவர் முதலில் திருத்துகிற 'தப்பு' இதுதான். வாட்டர் போலோவில் பந்தைக் கண்ணால் விடாமல் நீந்தவேண்டியிருப்பதால், அங்கே முதலில் கற்றுத்தருவதும் இதுதான். இதை வைத்து, இந்தப் பையன்களுக்குள் பதினான்கு ஸாதோர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. அது வேறுவகைச் சலுகை. தலை தூக்கி நீந்துவது ஆட்டத்தின் ஒரு சின்ன அம்சம். மற்றதெல்லாம் வருஷக்கணக்கான பயிற்சி, சாப்பாடு, சுத்தமான தண்ணீர். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இந்தக் கற்களின் இடுக்கிலிருந்துதான் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை கொசஸ்தலையாற்று முகத்துவாரம் முழுக்க. திறமை இருக்கிறது என்று சொல்லிக் கைதட்டிவிட்டு நகர்வது இவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிக மலிவான காரியம்.

வாட்டர் போலோ ஆடிய ஒரே ஒருவரைத்தான் நான் நேரில் அறிவேன். ஒரு நவம்பர் மாதம் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க கவுன்டருக்கு வந்த பென்ஷன்காரர். ஏதோ ஓர் அரசுத் துறையின் அணியில் இளவயதில் ஆடியவர். இந்தியாவில் இந்த ஆட்டம் உயிரோடு இருப்பதே ரயில்வே, ராணுவம், போலீஸ் அணிகளால்தான். அதாவது சம்பளப் பட்டியலால். கையெழுத்துப் போட வலது கையை மேஜைமேல் தூக்கிவைக்கவே சிரமப்பட்டார். "தோள் போச்சு தம்பி. பந்து எறிஞ்சு எறிஞ்சு" என்றார். என்ன பந்து என்று கேட்டேன். கூட்டம் இல்லாத நேரம். உட்கார்ந்து சொன்னார்.

"அந்தக் காலத்துக் குளத்துல ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் நெஞ்சளவு. நெஞ்சளவு பக்கம் வந்துச்சுன்னா அவனவன் கால ஊணிக்குவான். நின்னுகினு எறிஞ்சா பந்து நல்லாப் போவும்ல. ரெபரி மேல நிக்கறாரு. கலங்கத் தண்ணி. அவருக்கு எங்க தெரியும்?"

"நீங்க ஊணினதில்லையா ஐயா?"

"இல்ல."

"ஏன்?"

இந்தக் கேள்வி அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். சற்றுநேரம் என்னைப் பார்த்தார். "ஊணிட்டா அது வேற ஆட்டமாயிடுது தம்பி" என்றார். அந்தப் போட்டியில் ஜெயித்தீர்களா என்று கேட்டேன். "தோத்தோம். அவனுங்க ஊணிக்கினு ஆடுனானுங்க, நாங்க தோத்தோம்." ரப்பர் ஸ்டாம்ப் போட்ட ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் தியாகக் கதை எதுவும் இல்லை. அவர் தன்னை நல்லவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆட்டம் எது என்பதைப் பற்றி ஒரு தகவல் சொன்னார். என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அந்தத் தகவல்தான். எத்தனை அணிகள் வந்தன என்பது போட்டியைப் பற்றிய கேள்வி. எந்த தேசத்து அணிகள் என்பது பூகோளத்தைப் பற்றிய கேள்வி. தரம் பற்றிய கேள்வி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது: கால் தரையில் பட்டதா? ராயபுரத்துக் குளத்திலும் மார்கரெட் தீவிலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். ஹெல்சிங்கியில் பெருந்தோல்வி அடைந்தவர்களும், டில்லியில் சிலரை மட்டும் ஜெயித்தவர்களும் கால் ஊன்றாமல் ஆடியிருந்தால் அதே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் மோசமாக. ஆகவே அவர்களை ஹங்கேரியோடு ஒப்பிடலாம், ஒப்பிடவும் வேண்டும். தோற்றார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகாது. அவர்களுக்கென்று ஒரு தனி அளவுகோல் செய்து கொடுத்தால்தான் அவமதிப்பு. ஏனென்றால் அந்தத் தனி அளவுகோலுக்கு அர்த்தம், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று எறியலாம் என்று அவர்களுக்கு அனுமதி தருவது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி, தன் கவிதைகளைத் தொகுத்து என்னிடம் முன்னுரை கேட்டார். பத்து வருஷப் பழக்கம். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தொகுதியில் ஒரு கவிதை: அப்பா வலையை மண்ணெண்ணெயில் அலசுகிறார். எண்ணெய்க் கறையை எண்ணெய்தான் எடுக்கும். அந்த வாடை அவர் கையிலிருந்து ராத்திரிச் சோற்றுக்கு வருகிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்து இளையவனுக்கு ஊட்டுகிறாள். பதினொரு வரிகள். ஒரு சொல் அதிகம் இல்லை. எந்த மொழியிலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய பதினொரு வரிகள் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. பிறகு ஐந்து வரிகள் வருகின்றன. அவற்றில் நாகரிகம், சாம்பல், மனிதனின் தனிமை எல்லாம் வருகின்றன. கடலை 'தாயே' என்று கூப்பிடுகிறார். அந்த இடத்தில் அவர் கால் தரையில் படுகிறது. நம் எல்லோருக்கும் பழக்கமான தரை. நாமே போட்டு வைத்த சிமென்ட் தரை. அதில் நின்று எறிந்தால் பந்து தூரமாகப் போகும், பத்திரிகைகளில் பாராட்டும் வரும்.

முன்னுரையில் இதை இப்படியே எழுதிக் கொடுத்தேன். உலகத் தரம் என்ற சொல்லும் மண்ணின் குரல் என்ற சொல்லும் அதில் இல்லை. அவர் படித்தார். "அந்த அஞ்சு வரியிலதான் நான் இருக்கேன்னு நெனச்சேன் சார்" என்றார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக என்னை சார் என்று கூப்பிட்டார். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. இரண்டு மாதம் ஆகிறது.

அவருடைய வாழ்க்கையின் கஷ்டத்துக்கு முன்னால் ஐந்து வரிகள் என்ன பெரிய விஷயம் என்று இரண்டு நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். அந்தக் கஷ்டத்தை அவர் பதினொரு வரிகளில் கால் ஊன்றாமல் தாங்கி நின்றிருக்கிறார். அதைப் பார்த்தவன், அடுத்த ஐந்து வரிகளைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. பார்க்காத மாதிரி இருந்தால் முதல் பதினொன்றையும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். ரெபரிக்குக் கலங்கல் தண்ணீர் என்று ஒரு சாக்காவது உண்டு. படிக்கிறவனுக்கு முன்னால் இருப்பது வெள்ளைக் காகிதம்.

அவர் அந்த வரிகளை எடுத்துவிடுவாரா, வேறு யாரிடமாவது முன்னுரை வாங்கிக்கொள்வாரா, எனக்குத் தெரியாது. அது அவருடைய தீர்மானம். தொகுதி வந்தால், எப்படி வந்தாலும், அதைப் பற்றி இந்தப் பக்கங்களிலேயே எழுதுவேன். அந்தப் பதினொரு வரிகளில் இருந்து தொடங்குவேன்.